முட்டை வைக்கும் இலை

எருக்கஞ்செடியை ஆடும் மாடும் பொதுவாகச் சீண்டுவதில்லை. இலையைக் கிள்ளினால் வடியும் பாலில் கார்டினோலைடு என்ற நஞ்சு இருக்கிறது. இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது அது. ஆனாலும் தமிழ்நாட்டில் புறம்போக்கு நிலத்திலோ ரயில் பாதை ஓரத்திலோ நிற்கும் எருக்கின் இலைகளைப் புரட்டிப் பார்த்தால், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட ஒரு புழு அந்த இலையை நிதானமாகத் தின்றுகொண்டிருப்பதைக் காணலாம். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அது. பக்கத்திலேயே முருங்கை இருக்கும், கீரை இருக்கும், பசும்புல் இருக்கும். எதையும் அது தொடாது. எருக்கோ அதன் உறவான வேலிப்பருத்தி போன்ற செடிகளோ கிடைக்காவிட்டால் பட்டினி கிடந்தே செத்துப்போகும்.

நஞ்சைத் தின்னத் தெரிந்த உயிர், நஞ்சில்லாததை ஏன் தின்ன மறுக்கிறது?

இந்தப் புழு மட்டும் இப்படி இல்லை. இலை, தண்டு, பழம், விதை ஆகியவற்றைத் தின்று வாழும் பூச்சிகளில் பெரும்பாலானவை இதே வழக்கம் கொண்டவைதான். மூன்று தாவரக் குடும்பங்களுக்கு மேல் உண்ணும் பூச்சியினங்கள் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது என்று எலிசபெத் பெர்னேஸும் மார்க் கிரஹாமும் 1988இல் எழுதினார்கள். பருத்தி, துவரை, தக்காளி, கொண்டைக்கடலை என்று அகப்பட்டதையெல்லாம் துளைக்கும் காய்ப்புழுவை உழவர்கள் நன்றாக அறிவார்கள். அது அடிக்கடி கண்ணில் படுகிறது என்பதால் பூச்சி என்றாலே எதையும் தின்னும் என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. உண்மையில் அது சிறுபான்மையைச் சேர்ந்தது.

இதற்கு நெடுநாளாகச் சொல்லப்பட்டுவந்த விடை, வயிற்றைச் சார்ந்தது. தாவரங்களின் கசப்புக்கும் காரத்துக்கும் நெடிக்கும் காரணமான பொருள்களை ஒருகாலத்தில் வெறும் கழிவு என்றே பலர் கருதினார்கள். 1959இல் காட்ஃப்ரீட் ஃபிராங்கெல் ‘சயின்ஸ்’ இதழில் அதை மறுத்தார். பூச்சிகளை விரட்டவே செடி அவற்றைத் தயாரிக்கிறது. அவற்றைச் சமாளிக்கத் தெரிந்த ஒருசில பூச்சிகளுக்கோ, தம் உணவை இனங்காண அதே பொருள்கள்தான் அடையாளம் என்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து பால் எர்லிக்கும் பீட்டர் ரேவனும் எந்தப் பட்டாம்பூச்சி எந்தச் செடியைத் தின்கிறது என்ற விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். உறவான பட்டாம்பூச்சிகள் பெரும்பாலும் உறவான செடிகளையே தின்றன. செடியில் ஒரு புதிய நஞ்சு தோன்றுகிறது, பூச்சிகள் விலகுகின்றன, எங்கோ ஒரு பூச்சிக்கு அந்த நஞ்சைத் தாங்கும் திறன் வாய்க்கிறது, போட்டியில்லாத அந்த உணவில் அதன் வம்சம் பல கிளைகளாகப் பெருகுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரு தரப்பும் மாறி மாறி நடத்தும் இந்தப் போராட்டத்துக்கு அவர்கள் கூட்டுப் பரிணாமம் என்று பெயரிட்டார்கள்.

தாங்கும் திறன் எப்படி வாய்க்கிறது என்பது இன்று மூலக்கூறு வரை தெரியும். எருக்கின் நஞ்சு உயிரணுச் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பைப் பிடித்து நிறுத்திவிடும். அந்தப் பம்பு ஓடாவிட்டால் நரம்பும் தசையும் இயங்கா. வெந்தய வரியனின் வட அமெரிக்க உறவான மொனார்க் பட்டாம்பூச்சியில், அந்தப் பம்பின் புரதத்தில் 111, 119, 122 ஆகிய இடங்களிலுள்ள அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. நஞ்சுக்கு அங்கே சரியான பிடி கிடைப்பதில்லை. 2012இல் வெளியான ஆய்வுகள் இன்னும் வியப்பானதைச் சொல்லின: பட்டாம்பூச்சி, வண்டு, ஈ, நாவாய்ப்பூச்சி என்ற நான்கு பெரும் பிரிவுகளிலும் 122ஆம் இடம் தனித்தனியே மாறியிருக்கிறது. 2019இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நோவா வைட்மனின் குழு, கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் பழ ஈக்களின் மரபணுவில் இதே மூன்று மாற்றங்களையும் செய்தது. நஞ்சு கலந்த உணவிலும் அந்த ஈக்கள் வளர்ந்தன. ஆனால் 122ஆம் இடத்தை மட்டும் மாற்றிய ஈக்களுக்கு நரம்பு தளர்ந்தது. குலுக்கிவிட்டால் விழுந்து கிடந்து எழ நேரமானது. 119ஆம் இடமும் மாறியபோது அந்தக் குறை தணிந்தது. எந்த மாற்றம் எதற்கு முன்னால் வரலாம் என்பதற்கே ஒரு வரிசை இருக்கிறது.

இவ்வளவும் எருக்கை எப்படித் தின்ன முடிகிறது என்பதற்கு விளக்கம். முருங்கையை ஏன் தின்பதில்லை என்பதற்கு இதில் விடை இல்லை.

ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த தாவரவியலாளர் எட்வர்ட் வெர்ஷாஃபெல்ட் 1910இலேயே இதற்கு ஒரு துப்புக் கொடுத்துவிட்டார். முட்டைக்கோஸைத் தின்னும் வெள்ளைப் பட்டாம்பூச்சிப் புழுக்கள் கடுகுக் குடும்பத்துச் செடிகளைத் தவிர மற்றவற்றைப் பொதுவாக ஒதுக்கும். கடுகுக்குக் காரம் தரும் பொருளை அவர் வேறு குடும்பத்துச் செடியின் இலைமீது பூசிவைத்தார். புழுக்கள் அதைத் தின்னத் தொடங்கின. அந்த இலை அதுவரை அவற்றுக்கு உணவாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பட்டுப்புழுவின் கதை இதை இன்னும் துலக்குகிறது. மல்பெரி இலையைக் கிள்ளினாலும் பால் வரும். சர்க்கரையைப் போன்ற வடிவம் கொண்ட ஆல்கலாய்டுகள் அதில் செறிந்திருக்கின்றன. மற்றப் புழுக்களின் குடலில் சர்க்கரையைச் செரிக்கும் நொதிகளை அவை முடக்கிவிடும். ஆமணக்கு இலையில் வளரும் எரி பட்டுப்புழு மல்பெரியைத் தின்றால் நஞ்சேறுகிறது. பாலைக் களைந்து அதே இலையைக் கொடுத்தால் கேடில்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். மல்பெரிப் பட்டுப்புழுவை அந்தப் பால் ஒன்றும் செய்வதில்லை. இதுவரை வயிற்றின் கதை. சீன ஆய்வாளர்கள் 2019இல் அதே பட்டுப்புழுவின் சுவை உணர்வி மரபணுக்களில் ஒன்றைச் செயலிழக்கச் செய்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மல்பெரியைத் தவிர வேறெதையும் தொடாத அந்தப் புழு, பழங்களையும் தானியங்களையும் கடிக்கத் தொடங்கியது. நாக்கில் இருந்த ஒரு தடை நீங்கியதும் வாய் திறந்துகொண்டது.

ஆக, பூச்சியைச் செடியோடு கட்டிவைப்பது செரிமானத்தைவிடத் தேர்வுதான். அந்தத் தேர்வைச் செய்வதும் பெரும்பாலும் புழு அல்ல. முட்டையிலிருந்து வெளிவரும் புழு சில மில்லிமீட்டர் நீளம்தான். சரியான செடியைத் தேடி ஊர்ந்து போகும் வலிமை அதற்கு இல்லை. தாய் எந்த இலையில் முட்டை வைத்தாளோ அங்கேதான் அதன் வாழ்வும் சாவும். இலையில் இறங்கும் பெண் பட்டாம்பூச்சி முன்கால்களால் அதைத் தட்டித் தட்டிப் பார்க்கும். அந்தக் கால்களில் சுவை உணர்விகள் இருக்கின்றன. இலையின் வேதிப்பொருள்களை அவள் நக்காமலே சுவைக்கிறாள். பிழையான இலையில் முட்டை வைக்கும் தாயின் வழி அந்தத் தலைமுறையோடு அற்றுப்போகும் என்பதால், இயற்கைத் தேர்வு மிகக் கடுமையாகச் செயல்படும் இடம் இதுதான்.

குறுகிய தேர்வுக்கு வேறு ஆதாயங்களும் உண்டு. பூச்சியின் மூளை மிகச் சிறியது. நூறு மணங்களை எடைபோடுவதைவிட ஒரே மணத்தைத் தேடுவது அதற்கு எளிது என்றார் பெர்னேஸ். வெள்ளை ஈக்களை வைத்து அவர் செய்த சோதனையில், ஒரே வகைச் செடி இருந்த இடத்தில் அவை சீக்கிரம் அமர்ந்து சாறு உறிஞ்சின. பல வகைச் செடிகள் கலந்திருந்த இடத்தில் நிலைகொள்ளாமல் அலைந்தன. தயங்கும் நேரத்தில் பறவையோ சிலந்தியோ பிடித்துவிடும். எதிரிகளின் பங்கும் சிறிதல்ல: பல செடி தின்னும் புழுக்களையும் ஒரு செடிப் புழுக்களையும் அர்ஜென்டினா எறும்புகளுக்குக் கொடுத்தபோது, ஒரு செடிப் புழுக்களைத்தான் எறும்புகள் அதிகம் ஒதுக்கின. ஒரே செடியில் ஊறி வளரும் உடல் அதன் நஞ்சையோ நிறத்தையோ தன் காப்பாக ஆக்கிக்கொள்கிறது.

தேர்வு மாறினால் இனமே இரண்டாகப் பிரியக்கூடும் என்பதைக் கண்முன் காட்டிய பூச்சி ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் ஆப்பிள் ஈ அது. அதன் பூர்வ உணவு ஆப்பிள் அல்ல. ஹாதார்ன் என்ற முள்மரத்தின் சிறு சிவப்புப் பழம். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் ஆப்பிளைக் கொண்டுவந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஈயால் ஆப்பிளுக்குத் தொல்லை இருந்ததாகப் பதிவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கில் தோட்டக்காரர்கள் ஆப்பிளைப் பிளந்தபோது உள்ளே புழு நெளிந்தது. இங்கிலாந்திலிருந்து இல்லினாய்க்குக் குடியேறிய பெஞ்சமின் வால்ஷ் என்ற பூச்சியியலாளர் 1860களில் இதைக் கவனித்து, ஹாதார்னை விட்டு ஆப்பிளுக்கு மாறிய ஈக்கள் புதிய இனமாகப் பிரியத் தொடங்கிவிட்டன என்று எழுதினார். டார்வினோடு கடிதத் தொடர்பில் இருந்தவர் அவர். மலையோ கடலோ குறுக்கிடாமல், ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து மரங்களில் இனம் பிரியலாம் என்ற அந்தக் கருத்து அடுத்த நூறு ஆண்டுகளில் செல்வாக்கு இழந்தது. எர்ன்ஸ்ட் மையரைப் போன்ற பெரும் பரிணாமவியலாளர்கள் அதைத் திட்டவட்டமாக மறுத்தார்கள். 1960களில் கை புஷ் என்ற இளம் ஆய்வாளர் மறுபடி இந்த ஈக்களைக் கையிலெடுத்து, வால்ஷ் சொன்னதில் பொருள் இருக்கிறது என்று வாதாடினார். சான்று கிடைக்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜெஃப்ரி ஃபெடரும் புஷ்ஷும், தனியாக வேறொரு குழுவும், ஆப்பிள் ஈக்களும் ஹாதார்ன் ஈக்களும் மரபணு அளவில் வேறுபட்டிருப்பதை ‘நேச்சர்’ இதழில் நிறுவினார்கள்.

பக்கத்துப் பக்கத்து மரங்களில் இருந்தும் அவை ஏன் கலந்துவிடவில்லை? இந்த ஈக்கள் பழத்தின்மீதுதான் இணைசேர்கின்றன. ஆண் ஈ பழத்தில் காத்திருக்கும். பெண் முட்டையிட அங்கே வரும். எந்தப் பழத்தைத் தேர்வது என்ற முடிவே யாரை மணப்பது என்ற முடிவாகவும் ஆகிவிடுகிறது. காலமும் ஒத்துழைக்கிறது. ஆப்பிள் ஹாதார்னைவிட மூன்று, நான்கு வாரம் முன்னதாகப் பழுக்கும். ஈ வாழ்வதோ ஏறத்தாழ ஒரு மாதம். ஆப்பிளை நாடும் ஈ முன்னதாக மண்ணிலிருந்து வெளிவர வேண்டும். அதன் பிள்ளை முன்னதாகவே மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, குளிர்காலம் வரும்வரை நீண்ட வெப்ப நாட்களை விழிக்காமல் கழிக்க வேண்டும். தாளம் தப்பியவை சாகும். இரு வகைகளுக்கிடையே ஒவ்வொரு தலைமுறையிலும் 4 முதல் 6 விழுக்காடு வரை கலப்பு நடக்கிறது. ஆனாலும் வேறுபாடு அழியவில்லை. பழத்தின் மணத்தை மட்டும் காற்றில் அனுப்பிச் செய்த சோதனைகளில் ஆப்பிள் ஈ ஆப்பிள் மணத்தையும் ஹாதார்ன் ஈ ஹாதார்ன் மணத்தையும் நாடிப் பறந்தது. இரண்டுக்கும் பிறந்த கலப்பு ஈக்களில் பெரும்பாலானவை எந்த மணத்துக்கும் சரியாக அசையவில்லை. காட்டில் அப்படிப்பட்ட ஈக்குத் துணையும் கிடைக்காது, முட்டையிட இடமும் கிடைக்காது.

இதில் வயிற்றுக்கு என்ன பங்கு? மிகக் குறைவு. இரு வகை ஈக்களின் புழுக்களும் ஆப்பிளைவிட ஹாதார்ன் பழத்தில்தான் அதிகம் பிழைக்கின்றன. பல தலைமுறைகளாக ஆப்பிளில் வாழ்ந்த ஈயின் பிள்ளைக்கும் அதே நிலைதான். மோசமான உணவுக்கு ஏன் மாற வேண்டும்? பழம் பெரிது, புழு ஆழமாகப் புகுந்துகொண்டால் ஒட்டுண்ணிக் குளவியின் முட்டையிடும் ஊசி எட்டாது. ஆப்பிளில் குளவியின் தாக்குதல் குறைவு என்பதை ஃபெடர் கண்டறிந்திருக்கிறார். உணவில் இழந்ததைப் பாதுகாப்பில் ஈடுகட்டியிருக்கிறது ஈ. ஆனால் அந்தக் குளவிகளும் சும்மா இருக்கவில்லை. அவற்றில் ஒரு வகை ஈயைப் பின்தொடர்ந்து ஆப்பிளுக்கு வந்து, பழத்தின் மணத்திலும் பருவத்திலும் தானும் தனியாகப் பிரிந்துகொண்டிருப்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இருநூறு ஆண்டுகளில் இவ்வளவு மாற்றமா என்ற ஐயம் நியாயமானது. மண்ணுக்குள் தூங்கும் காலத்தைத் தீர்மானிக்கும் மரபணு வேறுபாடுகள் ஆப்பிள் வந்த பிறகு பிறந்தவை அல்ல. மெக்சிகோவின் மலைப்பகுதி ஈக்களில் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அவை இருந்திருக்கின்றன. வடக்கே பரவி வந்து ஹாதார்ன் ஈக்களிடையே கலந்து கிடந்தன. ஆப்பிள் வந்ததும் ஏற்கெனவே கைவசம் இருந்த வேறுபாட்டிலிருந்து பொருத்தமானது தேர்ந்தெடுக்கப்பட்டது.

நம் வயல்களுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. நெற்பயிரின் தூரில் கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சி, வட்டம் வட்டமாகப் பயிரைக் கருக்கிவிடும் புகையானுக்கு நெல்தான் உணவு. புகையானை எதிர்க்கும் ஐஆர் 26 என்ற ரகத்தைப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973இல் வெளியிட்டது. அது பரவலாகப் பயிரான இடங்களில், சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்த எதிர்ப்பை முறியடித்த புகையான்கள் பெருகிவிட்டன. ரகம் ஒன்றைப் பரப்புவது பூச்சிக்கு ஒரு புதிய செடியைக் கொடுப்பதற்குச் சமம். அதே பிலிப்பைன்ஸில் நீரோரங்களில் வளரும் லீர்சியா என்ற புல்லிலும் புகையான்கள் காணப்பட்டன. பார்வைக்கு நெல் புகையானுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு தெரியாது. புகையான்கள் வயிற்றை அதிரவைத்துத் துணையை அழைக்கும். அந்த அதிர்வு தண்டு வழியே மறுபக்கத்துக்குப் போய்ச் சேரும். மைக்கேல் கிளாரிட்ஜும் உடன் பணியாற்றியவர்களும் அந்த அழைப்புகளைப் பதிவுசெய்து ஒப்பிட்டார்கள். துடிப்பின் வேகம் இரண்டிலும் வேறாக இருந்தது. நெல்லில் வாழ்வதும் புல்லில் வாழ்வதும் தனித்தனி இனங்கள் என்று 1985இல் அறிவித்தார்கள்.

தாயின் தேர்வு முதலில் மாறும். உடல் பின்னால் மாறும். அது எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்கு அருங்காட்சியகப் பெட்டிகளிலேயே சான்று இருக்கிறது. நாம் தோசைக்கு அரைக்கும் முடக்கத்தானுக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஓர் உறவுக்கொடி உண்டு. அதன் காயும் காற்றடைத்த பை போன்றது, ஆனால் பெரியது. அந்தக் காயின் சுவரைத் துளைத்து நடுவிலுள்ள விதையை எட்ட, சிவப்புக் கறை படிந்த ஒரு நாவாய்ப்பூச்சி 9 மில்லிமீட்டர் அளவுக்கு நீண்ட உறிஞ்சுகுழலை வைத்திருக்கிறது. தைவானிலிருந்து வந்த ஓர் அழகு மரத்தை 1950களிலிருந்து ஃபுளோரிடாவில் ஏராளமாக நட்டார்கள். அதன் காய் தட்டையானது. விதை சுவரை ஒட்டியே கிடக்கும். பூச்சி அந்த மரத்துக்கும் போனது. ஸ்காட் கரோலும் கிறிஸ்டி பாய்டும் பழைய சேகரிப்புகளில் குத்தி வைத்திருந்த பூச்சிகளை ஆண்டுவாரியாக அளந்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். புதிய மரத்தில் வாழும் பூச்சியின் குழல் 7 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இரண்டையும் ஒரே உணவில் வளர்த்தாலும் வேறுபாடு நீடித்தது என்பதால் அது மரபில் பதிந்த மாற்றம்தான். ஆஸ்திரேலியாவில் இதே கதை தலைகீழாக நடந்தது. அங்கே முடக்கத்தானின் பெருங்காய் உறவுக்கொடி களையாகப் பரவியது. உள்ளூர் நாவாய்ப்பூச்சியின் குழல் சில பத்தாண்டுகளில் நீண்டது.

எல்லா மாற்றமும் நன்மையில் முடிவதில்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கார்சன் சிட்டிக்கு அருகே ஷ்னைடர் புல்வெளி என்ற மாட்டுப் பண்ணை இருந்தது. அங்கே வாழ்ந்த எடித் கட்டப் பட்டாம்பூச்சி, காலின்சியா என்ற சிறு செடியில் முட்டையிட்டு வந்தது. காலின்சியா கோடை முற்றும் முன்பே வாடிவிடும். பல புழுக்கள் வளர்ச்சி முடியாமலே பட்டினியால் சாகும். ஐரோப்பாவிலிருந்து வந்த பிளான்டாகோ என்ற களை, மாடுகள் மேய்ந்த அந்த வெளியில் நீண்ட நாள் பச்சையாகவே நின்றது. அதில் முட்டையிட்ட தாய்களின் பிள்ளைகள் அதிகம் பிழைத்தன. மைக்கேல் சிங்கரும் கமில் பார்மசானும் 1980கள் முதல் இந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்தார்கள். அந்த விருப்பம் மரபுவழி வருவது என்றும் கண்டார்கள். 2005 வாக்கில் எல்லாப் பெண்களும் களையையே நாடின. பழைய செடியைத் தேடும் தாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதன்பின் பண்ணையில் மாடு மேய்ப்பது நின்றது. புல் உயர்ந்து களையை மூடியது. வெயில் படாத குளிர்ந்த நிழலில் புழுக்களின் வளர்ச்சி தேங்கியது. திறந்த வெளியில், வெயில் படும் இடங்களில் காலின்சியா முன்போலவே வளர்ந்துகொண்டிருந்தது; ஆனால் அங்கே முட்டையிடும் விருப்பம் அந்தக் கூட்டத்திலிருந்து முற்றாக அழிந்துபோயிருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் அந்தப் புல்வெளியில் அந்தப் பட்டாம்பூச்சியே இல்லாமல் போனது. சில ஆண்டுகள் கழித்து வேறிடத்திலிருந்து அதே இனப் பட்டாம்பூச்சிகள் பறந்து வந்து குடியேறின. அவை களையை விட்டுவிட்டு, காலின்சியாவில் முட்டை வைத்தன.